தெருக்காவலுக்கு யார் கணக்குக் கேட்பது?

(சித்தூர், திருப்பதி நகரங்களின் தமிழ்க் குடியிருப்போர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

என்னை அழைத்தவர்கள் கேட்ட கேள்வி சுருக்கமானது. "போலீஸ் ரோந்து நம் தெருவுக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு நாமே இரவுக் காவல் வைத்துக்கொண்டால் என்ன?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் தேடுவதற்கு முன்னால், வசூல் நோட்டு வாங்குவதற்கும் முன்னால், ஒன்றை முடிவு செய்யுங்கள். அந்தக் காவல்காரர் யாருக்குப் பதில் சொல்லப் போகிறார்? காவலுக்குக் காசு கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. அது ஊரைக் காத்த காலமும் உண்டு, ஊரைச் சுரண்டிய காலமும் உண்டு. எது எப்போது நடந்தது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பழைய காவல்

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நிலம் பழைய தொண்டைமண்டலத்தின் வடக்கு ஓரம். திருச்சானூருக்குப் பக்கத்தில் யோகிமல்லவரம் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் தொகுதி தொகுதியாக வெளியிட்ட கல்வெட்டுகளில் பெரும்பகுதியும் தமிழ்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலைப் படிப்பவர்கள் 'பாடிகாவல்' என்ற வரியைக் கண்டிருப்பார்கள். ஊர்க்காவலுக்காக ஊரார் செலுத்தியது அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே காவலுக்குத் தனியாக ஒரு கட்டணம் இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் பாளையக்காரர்கள் வந்தார்கள். சித்தூரைச் சுற்றி மட்டும் நரகண்டி, கல்லூர், புலிசெர்லா, பாகாலா, பங்காரி என்று பல பாளையங்கள். இன்று ரயிலில் பாகாலா ஜங்ஷனில் இறங்கும் நமக்கு அது ஒரு பாளையத்தின் பெயர் என்பது நினைவில் வருவதில்லை. பாளையக்காரரின் வருமானத்தில் காவல் கட்டணம் ஒரு பெரிய பகுதி. களத்தில் நெல் தூற்றும்போது இத்தனை மரக்கால், ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார்கள். தெற்கே இதையே இரண்டாகப் பிரித்து, ஊரின் சொந்தக் காவலை ஸ்தலகாவல் என்றும், வெளியிலிருந்து ஒரு பாளையக்காரர் பல ஊர்களுக்கும் தரும் காவலைத் தேசகாவல் என்றும் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. ஊரில் களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் அதன் விலையைத் தன் கையிலிருந்து தர வேண்டும். கட்டணம் வாங்குகிறவருக்கு நஷ்டத்திலும் பங்கு. இன்றைக்கு எந்தச் செக்யூரிட்டி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது? மாதம் பிறந்தால் பில் வரும். வீட்டில் பீரோவை உடைத்தால் 'வருந்துகிறோம்' என்று வரும்.

அப்படியென்றால் பழைய முறையே மேல் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அந்தப் பொறுப்பை யார் அமல்படுத்துவது என்பதில்தான் எல்லாம் கெட்டது. ஊரின் சொந்தக் காவல்காரரான தலையாரி ஊருக்குள்ளேயே இருந்தார். அவருக்குக் கொடுக்கும் தானியத்தை ஊர் நிறுத்தலாம், அவரைச் சாவடியில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கலாம். ஆயுதம் ஏந்திய ஆட்களை வைத்திருந்த பாளையக்காரரை யார் நிறுத்திக் கேட்பது? கேட்க முடியாத இடத்தில் கட்டணம் கப்பமாக மாறியது. கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். யார் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், வாய் திறக்கமாட்டார்கள். மாட்டைத் திரும்பப் பெறத் துப்புக்கூலி என்று தனியாக ஒரு தொகை. இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். பாளையங்களை ஒழித்துக் காவல் வருமானத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவர விரும்பியவர்கள் அவர்கள், ஆகையால் சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும். ஆனாலும் கேட்பாரில்லாத காவல் எப்படிப் போகும் என்பதற்கு அதில் உள்ள சாட்சி போதும்.

கம்பெனியோடு சித்தூர்ப் பாளையக்காரர்களுக்கு ஏற்பட்ட தகராறு 1804இல் கலகமாக வெடித்தது. படை வந்து அடக்கியது. காவல் உரிமை கைமாறியது. 1816இல் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீபைத் தலைவராகவும் தலையாரியை அவருக்குத் துணையாகவும் வைத்துக் கிராமப் போலீஸ் ஒழுங்குவிதி வந்தது. வரி வசூலிக்கும்போது நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை தந்த பிறகு, 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் சட்டம் போட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து 1861இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம். இன்று ஸ்டேஷனில் நாம் பார்க்கும் அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது.

இந்த மாற்றத்தில் நமக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. காவலுக்குத் தனியே காசு கொடுக்க முடியாதவரும் சட்டப்படி காவலுக்கு உரியவர் ஆனார். அது பெரிய லாபம். ஆனால் காவல்காரர் ஊருக்குப் பதில் சொல்வதை விட்டு மேலதிகாரிக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். அந்த நட்டத்தை இன்றும் அனுபவிக்கிறோம். 'ரோந்து எப்போது வரும்' என்று நீங்கள் கேட்பதும், அந்தக் கேள்விக்குத் தெருவில் யாரும் பதில் சொல்லாததும் அதனால்தான்.

திண்டுக்கல்லில் ஒரு நிதி

ஊரார் பணம் திரட்டிக் காவல் பிரச்சினையைத் தாங்களே தீர்க்கப் புறப்பட்ட ஒரு பழைய நிகழ்ச்சி தமிழ்நாட்டில் உண்டு. 1896இல் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து விவசாயிகள், காவல் கட்டணமும் துப்புக்கூலியும் கொடுத்து அலுத்துப்போய், பரம்பரைக் காவல்காரர்களாக இருந்த கள்ளர்களை விலக்குவது என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பொதுவாக நிதி சேர்த்தார்கள். மாடு களவு போனவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு கொடுப்பது, தங்கள் ஆட்களையே காவலுக்கு வைப்பது என்பது ஏற்பாடு. அந்த நிதியின் ('ஃபண்ட்') பெயராலேயே அதைப் 'பண்டுக் கலகம்' என்று அழைக்கிறார்கள்.

யோசனையாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. காப்பீடும் காவலும் ஒரே சந்தாவில். ஆனால் நடந்தது என்ன? காவல் முறையை மாற்றுவதற்கென்று தொடங்கியது, பல ஊர்களில் ஒரு சாதி முழுவதையும் ஊரைவிட்டு விரட்டும் கலகமாக மாறியது. வீடுகள் எரிந்தன. கட்டணம் வாங்கி ஏய்த்த காவல்காரரும், அதில் எந்தப் பங்கும் இல்லாத ஏழையும் ஒன்றாகவே விரட்டப்பட்டார்கள். பின்னால் அரசே அந்தச் சமூகத்தவரைக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகியும், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் அதன்கீழ் வந்திருந்த எருகுலர், குறவர் போன்ற மக்கள் இரவில் தெருவில் நடந்தால் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் போகவில்லை. ரோந்து வைக்கும் எந்தச் சங்கமும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். பணம் போடுகிறவர்கள் ஒன்றுசேரும்போது, யார் வெளியாள் என்ற கோட்டையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள்.

விசில் யாருக்காக?

நம் காலத்துக்கு வருவோம். குடியிருப்போர் பணத்தில் நடக்கும் இரவு ரோந்து என்று நாம் புதிதாகப் பேசுகிறோமே, அது நம் தெருக்களில் பல ஆண்டுகள் நடந்துகொண்டுதான் இருந்தது. கூர்க்கா வந்தார். காக்கி ஸ்வெட்டர், கையில் தடி, டார்ச், வாயில் விசில். மின்கம்பத்தில் தடியால் ஒரு தட்டு, ஒரு விசில், அடுத்த தெரு. மாதம் பிறந்ததும் பகலில் கதவைத் தட்டி 'கூர்க்கா மேம்சாப்' என்பார். பத்தோ இருபதோ ஐம்பதோ கொடுப்போம். சிலர் 'அடுத்த மாதம் வா' என்பார்கள். தீபாவளிக்கு இனாம்.

1950இல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட உடன்படிக்கை இரு நாட்டு மக்களும் அடுத்த நாட்டில் தங்கவும் தொழில் செய்யவும் வழி வைத்தது. அந்த வழியில் மலைநாட்டிலிருந்து இறங்கி, மொழி தெரியாத ஊரில், விடியும்வரை விழித்திருந்து பிழைத்தவர்கள் அவர்கள். அவரை யார் நியமித்தது? யாரும் இல்லை. சம்பளம் எவ்வளவு? எத்தனை வீடு கொடுக்கிறதோ அவ்வளவு. வாரத்தில் ஒருநாள் ஓய்வு? கிடையாது. காய்ச்சல் வந்தால்? அந்த ராத்திரி தெருவுக்குக் காவல் இல்லை, அவருக்குக் காசும் இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு அவருடைய முழுப்பெயர் தெரியும்?

படித்தவர்கள் ஒரு கேலி செய்வார்கள். விசில் ஊதிக்கொண்டு போனால் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று திருடனுக்கே அறிவிப்பது போல ஆகாதா என்று. ஆகும். அவர் போனபின் திருடன் வரலாம். அப்படியானால் அந்த விசில் யாருக்காக? கட்டிலில் விழித்துக் கிடந்தவருக்காக. வெளியூர் போன கணவர் திரும்பும்வரை பிள்ளைகளோடு தனியாக இருந்த பெண்ணுக்காக. 'ஒருவர் விழித்திருக்கிறார்' என்ற செய்தி அது.

இதை நான் உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் நகரப் போலீஸ் 1972-73இல் ஒரு பரிசோதனை செய்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்து வண்டியை நிறுத்திவிட்டு, கூப்பிட்டால் மட்டும் போனார்கள். இன்னொன்றில் வழக்கம்போல் விட்டார்கள். மூன்றாவதில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரோந்து கூடியதோ குறைந்ததோ ஜனங்களுக்கே தெரியவில்லை. பிறகு நியூவார்க் நகரத்தில் நடை ரோந்தைச் சோதித்து 1981இல் முடிவை வெளியிட்டார்கள். குற்றம் குறையவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது, போலீஸ் மீது மதிப்புக் கூடியது. 2009இல் பிலடெல்பியாவில் குற்றம் மிகுந்த மூலைகளாகத் தேர்ந்தெடுத்து 60 இடங்களில் மட்டும் நடை ரோந்து விட்டார்கள். ஒப்பிட்ட இடங்களைவிட வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைந்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குப் பாடம் தெளிவாக இருக்கிறது. வண்டியில் சும்மா சுற்றுவதால் பயன் இல்லை. நடந்து சுற்றினால் பயம் தணியும். எங்கே, எந்த நேரத்தில் ஆபத்து என்று தெரிந்து அங்கே நடந்தால் குற்றமும் குறையும். ஆகவே காவலுக்கு ஆள் வைப்பதற்கு முன் தெருவைப் படிக்க வேண்டும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் பாடம் வேறு

திருப்பதியில் எந்தத் தெருவில் நின்றாலும் போகிறவர் வருகிறவரில் பாதிப்பேர் வெளியூர்க்காரர். அலிபிரி பக்கம், லீலாமகால் சந்திப்பு, பஸ் நிலையத்தைச் சுற்றி, இரவு இரண்டு மணிக்கும் மொட்டையடித்த குடும்பங்கள் பையோடு நடந்துகொண்டிருக்கும். வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக மாணவர்கள் டீக்கடை தேடி வருவார்கள். ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்தவர்கள் பிளாட்பாரத்தில் படுத்திருப்பார்கள். இந்த ஊரில் 'நீ யார், இங்கே என்ன வேலை?' என்று கேட்பதையே காவலாக வைத்துக்கொண்டால் அது காவலும் ஆகாது, பெருமாளைப் பார்க்க வந்தவருக்கு மரியாதையும் ஆகாது. திருப்பதியில் காவல்காரர் பார்க்க வேண்டியது பூட்டிய வீடுகளை. சங்கராந்திக்கும் கோடை விடுமுறைக்கும் வரிசையாகப் பூட்டு தொங்கும்.

பூட்டிய வீட்டுக்கு ஆந்திரப் போலீஸே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. 'எல்.எச்.எம்.எஸ்.' என்ற செயலியில் பதிவு செய்துவிட்டு ஊருக்குப் போனால், போலீஸார் வீட்டுக்குள் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே அசைவு தெரிந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகும். கட்டணம் கிடையாது. மாதச் சந்தா கட்டத் தயாராக இருக்கும் எத்தனை பேர் இந்த இலவசத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்? சங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் வீடு வீடாகப் போய் இதைச் சொல்வது.

சித்தூரின் நிலை வேறு. கிரீம்ஸ்பேட்டையிலும் கொங்காரெட்டிப்பள்ளியிலும் தெருவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஆனால் ஊர் சென்னை - பெங்களூர் வழியில், மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வேலூர், இன்னொரு பக்கம் போனால் கர்நாடகம். வண்டியில் வந்து செய்துவிட்டுப் போகிறவர் விடிவதற்குள் வேறு மாநிலப் போலீஸின் எல்லையில் இருப்பார். இங்கே காவல்காரரின் தடியைவிட நோட்டுப்புத்தகத்துக்கு மதிப்பு அதிகம். எந்த வண்டி, எந்த எண், எத்தனை மணி, எந்தத் தெருமுனை என்று எழுதிவைத்த ஒரு பக்கம் மூன்று மாநிலப் போலீஸுக்கும் உதவும்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒன்று. கரகம்பாடியிலும் ஸ்ரீசிட்டியிலும் ஆலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் பெருகிவிட்டார்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடுவரை உள்ள சந்துதான் அவர்களுக்கு நாளின் மிக நீளமான தூரம். காவல்காரர் எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்க வேண்டும் என்பதை அவர்களைக் கேட்டு எழுதுங்கள். நம் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆண்கள். நாற்காலியை மாற்றிப் போடுங்கள்.

விளக்கையும் மறக்காதீர்கள். நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகளில் பிரகாசமான விளக்கு வைத்துப் பார்த்தபோது வெளியிடங்களில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. எரியாத தெருவிளக்கைப் பற்றி மாநகராட்சியில் எழுதிக் கொடுக்க நமக்கு ஒரு பைசா செலவில்லை.

பணக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருகிறேன். புரிவதற்காக ஒரு கணக்கு. ஐந்து தெரு, 150 வீடு. இரவு பத்து முதல் ஐந்துவரை இரண்டு பேர் சேர்ந்து நடக்க வேண்டும். தனியாள் ரோந்து அவருக்கும் ஆபத்து, நமக்கும் சாட்சி இல்லை. ஆளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் இரண்டு இடத்துக்கு மூன்று பேர் வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 45,000. வீட்டுக்கு 300. கட்டுப்படியாகிறது அல்லவா? ஆனால் 90 வீடுதான் கொடுக்கிறது என்றால் 500. அதைப் பார்த்துச் சிலர் விலக, 50 வீடாகச் சுருங்கினால் 900. ஆறு மாதத்தில் திட்டம் படுத்துவிடும். காவல்காரரால் தெருவைப் பாதியாகப் பிரித்து நடக்க முடியாது. ஆகவே கொடுக்காதவருக்கும் பயன் போய்ச் சேருகிறது, கொடுத்தவருக்கு எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சலில்தான் ஆபத்தான யோசனை பிறக்கும். 'சந்தா கட்டிய வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவோம், மற்ற வீட்டைக் காவல்காரர் கவனிக்க வேண்டாம்' என்பார்கள். அந்த ஸ்டிக்கர் திருடனுக்கு எந்த வீட்டுக்குப் போகலாம் என்று வழிகாட்டும். அதைவிட மோசம், கொடுக்காத வீட்டில் களவு போனால் உள்ளூர மகிழும் நிலைக்கு நாம் வந்துவிடுவோம். பழைய தேசகாவல் கெட்ட வழியின் முதல் படி அதுதான்.

கொடுக்காதவருக்கும் பயன் போய்ச் சேரும் இந்தச் சிக்கல் லண்டனிலும் வந்தது. தேம்ஸ் நதிக் கப்பல்துறையில் சர்க்கரை மூட்டைகள் களவு போய்க்கொண்டே இருந்தன. 1798இல் மேற்கிந்தியத் தீவு வியாபாரிகள் 4,200 பவுன் போட்டு, பாட்ரிக் கஹூன், ஜான் ஹாரியட் என்ற இருவரின் திட்டப்படி நதிக்குத் தனிக் காவல் வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 1,22,000 பவுன் பெறுமான சரக்கு தப்பியது என்று கஹூன் கணக்குக் காட்டினார். அவருடைய சொந்தத் திட்டம், சற்றுத் தாராளமாகவே சொல்லியிருப்பார். ஆனால் பணம் போடாத மற்ற வியாபாரிகளும் அதே நதியில் பயனடைந்தார்கள். 1800இல் பாராளுமன்றம் சட்டம் செய்து அந்தக் காவலை அரசே ஏற்றுக்கொண்டது. வெல்ல மண்டி நடத்தும் சித்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கடைக்காரர் வைத்த வாட்ச்மேனால் வீதி முழுவதும் நிம்மதியாகத் தூங்கும், வாட்ச்மேன் சம்பளம் மட்டும் ஒருவர் தலையில்.

நமக்கு வழி என்ன? சந்தாவைப் படிப்படியாக வையுங்கள். சொந்த வீட்டுக்காரர் ஒரு தொகை, கடைக்காரரும் கல்யாண மண்டபக்காரரும் அதிகம், வாடகைக்கு இருப்பவர் குறைவு, ஒற்றை அறையில் இருக்கும் விதவைப் பாட்டிக்கு ஒன்றும் இல்லை. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியல் பொருளாளரிடம் இருக்கட்டும், காவல்காரர் கைக்கு ஒருபோதும் போகக் கூடாது. வசூலிக்கிறவரும் காவல் காக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பழைய பாளையங்களில் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சட்டத்தின் எல்லை

ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கிறீர்கள் என்றால் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்துக்கு மாநில அதிகாரியிடம் பெற்ற உரிமம் வேண்டும். அது மாவட்டக் கணக்கிலோ மாநிலம் முழுவதற்குமோ தரப்படுவது. திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமானது, ஆகவே எந்த மாவட்டத்துக்கான உரிமம் என்று படித்துப் பாருங்கள். காவலருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65ஐ எட்டியிருக்கக் கூடாது. வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி பயிற்சி என்பது மத்திய அரசின் மாதிரி விதி. படம் போட்ட அடையாள அட்டை வேண்டும். போலீஸ் போலவோ ராணுவம் போலவோ உடுப்பு மாட்டினால் ஓராண்டுவரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தொப்பியும் தோள்பட்டை நட்சத்திரமும் வைத்து மிடுக்காகக் காட்டுகிற ஏஜென்சியைக் கண்டு மயங்காதீர்கள்.

காவல்காரருக்கு யாரையும் பிடித்து வைக்கும் தனி அதிகாரம் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் உள்ளதே அவருக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால், அல்லது அறிவிக்கப்பட்ட குற்றவாளியைக் கண்டால், எவரும் பிடிக்கலாம். பிடித்தவர் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின்பேரில் பிடிக்க இதில் இடமில்லை. கம்பத்தில் கட்டிவைக்கவும் அடிக்கவும் இடமே இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 மே மாதத்தில் நடந்தது நமக்கு மிக அருகில். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நாட்கள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போனது. வழி கேட்க நிறுத்திய இடத்தில் அந்தக் குடும்பத்தின் மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். ஊர் கூடியது. அந்த அறுபத்தைந்து வயது அம்மாள் அடிபட்டே இறந்துபோனார். அவரை அடித்தவர்களில் ஒருவருக்கும் கொலை செய்யப் போகிறோம் என்ற எண்ணம் இருந்திருக்காது. ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். சந்தேகப்படும் ஆளின் படத்தைக் குழுவில் போடக் கூடாது. செய்தி முதலில் 112க்குப் போக வேண்டும், இரண்டாவதாக ஸ்டேஷனுக்கு. ஆந்திரத்தில் 2019இல் வார்டு செயலகங்களில் மகளிர் போலீஸ் என்று ஒரு ஊழியரை நியமித்தார்கள். உங்கள் வார்டில் அவர் இருந்தால் அவரையும் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 1993இல் பிரதீப் பிலிப் என்ற காவல் அதிகாரி ராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். நல்ல நோக்கம். ஆனால் 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் தாக்கப்பட்டு இறந்த பிறகு அந்த இயக்கத்தின் மேல் கேள்விகள் எழுந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. போலீஸோடு இணைந்து நிற்பது வேறு, போலீஸாகவே நடந்துகொள்வது வேறு.

நான் முன்வைக்கும் தீர்மானங்கள்

அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதற்கு நான்கு தீர்மானங்களை வைத்துவிட்டு முடிக்கிறேன்.

முதலாவது, காவல் தெரு முழுவதற்கும் உரியது. சந்தா கட்டாத வீடும், ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் குடும்பமும் அதற்குள் அடக்கம்.

இரண்டாவது, காவல்காரரின் இரவுக் குறிப்பேட்டையும் சங்கத்தின் வரவுசெலவையும் மாதம் ஒருமுறை தெருவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேள்வி கேட்கச் சந்தா ரசீது தேவையில்லை.

மூன்றாவது, பழைய காவலின் ஒரு நல்ல அம்சத்தை மீட்போம். வசூலில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, காவல் நேரத்தில் களவு போன வீட்டுக்குச் சிறு தொகையாவது ஈடு கொடுப்போம். முழு நஷ்டத்தை ஈடுகட்ட முடியாது. ஆனால் களவு நடந்தால் சங்கத்துக்குச் செலவு வரும் என்று ஆனால், சங்கம் தூங்காது.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு காவல் ஸ்டேஷனுக்கும் மாநகராட்சிக்கும் போவோம். எந்த முனையில் எத்தனை சம்பவம், எந்த விளக்கு எத்தனை நாள் எரியவில்லை, ரோந்து வண்டி எத்தனை முறை வந்தது என்று தேதியோடு காட்டிக் கேட்போம். வரி கட்டியும் கிடைக்காத காவலுக்கு மறுபடி காசு கொடுக்கிறோம். அந்த இரண்டாவது காசு முதல் காசுக்குக் கணக்குக் கேட்கும் கருவியாகட்டும்.

இவற்றை ஏற்றுக்கொள்ளும் தெருவில் நாளைக்கே ரோந்து தொடங்கலாம். ஏற்றுக்கொள்ள மனமில்லாத தெரு, ஆள் வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடட்டும். காவல் இல்லாத தெருவில் திருடனுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். கணக்குக் கேட்க முடியாத காவல் நடக்கும் தெருவில் இருவருக்குப் பயப்பட வேண்டியிருக்கும்.